ஃபீல் பண்ணாதீங்க சுந்தரி

1

எங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவிகள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். கட்டுரை வாங்கும் பொறுப்பு என் சிநேகிதி சொர்ணத்துடையது. சென்ற வாரம் போன் செய்தாள்.

"ஏட்டி சுந்தரி, வெளிநாட்டுல இருக்கவளுவ எல்லாரும் எழுதித் தந்துட்டாளுவ. சிங்கப்பூர், தோஹா, அமெரிக்கா. உன்னுது ஒண்ணுதான் பாக்கி."

"நான் எந்த வெளிநாட்டுலட்டி இருக்கேன்? கோவில்பட்டில காலைல ரயில் ஏறுனா மத்தியானச் சோத்துக்குத் திருவனந்தபுரம் வந்துரலாம்."

"பாஷை வேற, சோறு வேற, கவர்மெண்டு வேற. பெறவு என்ன? வெளிநாடுதான்."

அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது, பள்ளிக்கூடத்திலும் முடிந்ததில்லை. எழுத எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷம் ஆகி, திதி கொடுத்து முடித்த வாரம் அது. அதைச் சொன்னதும் சொர்ணத்தின் குரல் இறங்கிவிட்டது. "ஃபீல் பண்ணாதட்டி" என்றாள். உடனேயே, "ஆனா எழுதும்போது மட்டும் நல்லா ஃபீல் பண்ணி எழுது, என்ன?" என்றாள்.

சிரிப்பு வரவேண்டிய இடம். எனக்கு வரவில்லை. ஆனால் எழுத விஷயம் கிடைத்துவிட்டது.

ஜெபமணி டீச்சரை உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். வினைச்சொல்லின் மூன்று வடிவங்களையும் கோரஸாகச் சொல்ல வைப்பார். ஃபீல், ஃபெல்ட், ஃபெல்ட். அதற்கு உதாரண வாக்கியம், ஐ ஃபீல் கோல்ட். சித்திரை மாசத்துக் கோவில்பட்டியில், தகரக் கூரைக்கு அடியில், முதுகெல்லாம் வியர்வை வழிய, குளிருகிறது குளிருகிறது என்று கத்திக்கொண்டிருந்தோம். இல்லாததை இருக்கிறது என்று சத்தமாகச் சொல்ல எனக்கு அன்றைக்கே நல்ல பயிற்சி கிடைத்துவிட்டது.

2

கல்யாணம் முடிந்த கையோடு இந்த ஊருக்கு வந்தேன். அவருக்கு ஆரியசாலையில் மிளகாய் வத்தல் மொத்தக் கடை. நம் பக்கத்து குண்டு வத்தல் மூட்டை மூட்டையாக லாரியில் வந்து இறங்கும். வந்த புதிதில் கடைக்குள் கால் வைத்தாலே தும்மல். அவர் சிரிப்பார். "பழகிரும்" என்பார். பழகியது. இப்போது காலையில் கல்லாவில் உட்காருகிறேன். வாங்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள், நான் பேசாமல் பில் போடுகிறேன்.

எல்லை தாண்டும்போது முதலில் இடம் மாறியது என் இனிஷியல். ஊரில் ஆர். சண்முகசுந்தரி. இங்கே ஆபீசில் எழுதும்போது அது பெயருக்குப் பின்னால் போய்விட்டது, சண்முகசுந்தரி ஆர். என்று. பள்ளிச் சான்றிதழில் ஒருத்தி, ரேஷன் கார்டில் ஒருத்தி. இரண்டு பேரும் ஒருத்திதான் என்று நிரூபிக்க எத்தனையோ கவுண்டரில் நின்றிருக்கிறேன். ஒரு கிளார்க் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் தோணருதே, நாளெ வரணம்" என்றார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நாளைக்கு வா என்று அர்த்தம். அத்தனை மரியாதையோடு என்னைத் திருப்பி அனுப்பியவர்கள் நம் ஊரில் கிடையாது.

அந்த இங்கிலீஷ் வினைச்சொல்லை நான் நிஜமாகப் படித்தது இங்கேதான். சாலைத் தெரு ஜவுளிக் கடையில் புடவையை விரித்துப் போட்டு, "ஃபீல் பண்ணி நோக்கூ, சேச்சி" என்பார்கள். தொட்டுப் பார் என்று பொருள். மலையாளப் படத்துக்குப் போய்வந்த பக்கத்து வீட்டு கிரிஜா சேச்சி, "நல்ல ஃபீல் குட் படமா" என்பாள். அழுதுவிட்டு வந்திருக்கிறாள் என்று பொருள். அவள் அனுப்பிய பலாச்சக்கைப் பாயசத்துக்கு நான் ஒரு வார்த்தையும் சொல்லாமல் பாத்திரத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தபோது, "எனிக்கு ஃபீல் ஆயி கேட்டோ" என்றாள். மனசு கோணிப்போயிற்று என்று பொருள். நம் ஆட்களோ பஸ் போனாலும் ஃபீல் பண்ணாதே, பரீட்சையில் போனாலும் ஃபீல் பண்ணாதே, ஆளே போனாலும் ஃபீல் பண்ணாதே. பண்ணு என்று சொன்ன முதல் ஆள் சொர்ணம்தான், அதுவும் கட்டுரைக்காக.

இங்கே வந்த பிறகு, சமீபத்தில் ஒரு நாள் வரை, அந்தச் சொல்லை என் வாயால் ஒரு தடவையும் சொன்னதில்லை. வெட்கம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

3

அவர் கடையில்தான் போனார். மத்தியானம் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் தம்பிதான் கடையிலிருந்து போன் செய்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் புறப்பட்டேன். குக்கரில் இரண்டு விசில் வந்திருந்தது, மூன்றாவது வரவில்லை. அந்தப் பருப்பு வேகவில்லையே என்று ஆட்டோவில் போகும்போது நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லக் கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது.

வீடு நிறைய ஆட்கள். கோவில்பட்டியிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். எல்லாரும் என் கையைப் பிடித்து, "ஃபீல் பண்ணாதீங்க" என்றார்கள். சரி சரி என்று தலையாட்டினேன். வந்தவர்களுக்குக் காபி போட்டேன். யாருக்குச் சர்க்கரை வேண்டாம் என்று கேட்டுக் கேட்டுப் போட்டேன். அழுகை வரும் வரும் என்று நானும் காத்திருந்தேன், கேட்டோ. வரவில்லை.

என் மகள் பவித்ரா அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தாள். அவள் இங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிறந்தது இங்கே, படித்தது மலையாளத்தில். என்னோடு பேசுவது தமிழ் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். "அம்மா, எனக்குச் சோறு மதி" என்பாள், போதும் என்பதற்கு. தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது, அதனால் இதைப் படிக்க மாட்டாள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு, நான் வாடகைப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பவி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "அப்பா போயிட்டு அம்மைக்கு ஒரு ஃபீலிங்கும் இல்ல, அல்லே?"

நான் அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தேன். அவள் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம் என்று தோன்றியது. அதன் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு குறைந்துபோயிற்று. வேண்டியதை மட்டும் பேசினோம்.

4

சில மாசம் கழித்து ஒரு நாள் கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தேன். ஆரியசாலையிலிருந்து வலியசாலைக்கு ஒன்றும் பெரிய தூரமில்லை. நல்ல உச்சி வெயில். வாசலில் நின்ற கிரிஜா சேச்சி என் காலைப் பார்த்துக் கத்தினாள்.

"அய்யோ சுந்தரீ, மற்றே செருப்பு எவிடே?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்கால். எங்கே கழன்றது என்று தெரியவில்லை. தார் ரோட்டில், அந்த வெயிலில், ஒரு கால் செருப்போடும் ஒரு கால் இல்லாமலும் கடைத்தெருவையே தாண்டி வந்திருக்கிறேன். இடையில் நின்று கறிவேப்பிலை வேறு வாங்கியிருக்கிறேன். உள்ளே போய்ப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரு கொப்புளம், கோலிக்குண்டு அளவில். அழுத்திப் பார்த்தேன். யார் காலையோ அழுத்துவது போல இருந்தது.

மறுநாள் போனபோது வாழையிலைக் கடைக்காரர் செருப்பை எடுத்து ஓரமாக வைத்திருந்தார். "ஒத்தச் செருப்ப எவன் கொண்டு போவான்னு எடுத்து வச்சேம்மா" என்றார். நாகர்கோவில்காரர். நான் நன்றி சொல்லி மாட்டிக்கொண்டு வந்தேன்.

5

சர்க்கரை எனக்குப் பல வருஷமாக உண்டு. கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்குக்குத் தனியாகப் போனேன். டாக்டர் சின்னப் பெண், பவி வயசுதான் இருக்கும். கையில் ஒரு குச்சி, அதன் முனையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு துண்டு. அதால் பாதத்தில் அங்கங்கே தொடுவாளாம். தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டுமாம்.

"கண்ணடச்சோ அம்மே. ஃபீல் செய்யும்போள் பறயணம்."

கண்ணை மூடிக்கொண்டேன். ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. வெளியே பஸ் கண்டக்டர் தம்பானூர் தம்பானூர் என்று கூவுகிற சத்தம் கேட்டது. காலில் ஒன்றும் இல்லை. இவ்வளவு நேரத்துக்குத் தொட்டிருப்பாளே என்று நினைத்து, "உண்டு" என்றேன். கொஞ்சம் கழித்து மறுபடியும், "உண்டு."

"அம்மே" என்றாள் டாக்டர். "ஞான் தொட்டில்லல்லோ."

நான் தொடவே இல்லையே என்கிறாள். கண்ணைத் திறந்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஒருத்தி அக்கறையாகக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன். சௌக்கியமா என்றால் சௌக்கியம். ஆபீசில் மலையாளம் புரிந்ததா என்றால் புரிந்தது. வேற்றூரில் பிழைக்க வந்தவளுக்கு இதுதானே சௌகரியம்? தெரியாது, புரியவில்லை, முடியவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள்.

அன்றைக்கு டாக்டர் விவரமாகச் சொன்னாள். சர்க்கரையால் காலில் நரம்பு செத்துவிட்டது, இனி சரியாகாது, காத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள்ளும் செருப்பு போட வேண்டும். தினமும் பாதத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். என்னால் குனிந்து பார்க்க முடியாவிட்டால் வேறு யாராவது பார்க்க வேண்டும்.

"வீட்டில் ஆருண்டு?"

"மோள். நேர்ஸா."

"பின்னெ எந்தா பேடிக்கான்? மோளோடு பற" என்று சிரித்தாள். மகளிடம் சொல், அப்புறம் என்ன பயம் என்று.

பயமே அங்கேதான்.

6

பவிக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருந்தது. இரண்டு வருஷம் டியூட்டி முடித்து வந்து, தூக்கக் கண்ணோடு உட்கார்ந்து அந்தப் பாஷையைப் படித்துப் பாஸ் பண்ணினாள். அவள் அப்பாவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். காகிதங்களுக்காக அலைந்ததும் அவர்தான். பவியின் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி. மறுபடியும் அந்த இனிஷியல். முன்னால் இருப்பவளும் பின்னால் இருப்பவளும் ஒரே அம்மாதான் என்று அபிடவிட் எழுதி, கையெழுத்து வாங்கி, அதை மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தது சரிதான் என்று இன்னொரு முத்திரை வாங்கி. எல்லாம் முடியும் நேரத்தில் அவர் இல்லை.

என் கால் இப்படி என்று தெரிந்தால் பவி போக மாட்டாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, இதே ஆஸ்பத்திரியில், இதே சம்பளத்தில், என் பாதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். எனக்கு அது வேண்டாம். அவள் போக வேண்டும். உலகத்தில் எனக்கு ஏதாவது வேண்டும் என்று இருந்தால் அது ஒன்றுதான்.

அதனால் சொல்லவில்லை. வீட்டுக்குள் எதுக்குச் செருப்பு என்று கேட்டாள். தரை சில்லென்று இருக்கிறது என்றேன். ஐ ஃபீல் கோல்ட். ஜெபமணி டீச்சர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

7

அவள் புறப்பட்டது ஒரு காலைநேரம். கொழுந்தன் வந்து கீழே டாக்ஸியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். நானும் பவியும் சாமி படத்துக்கு முன்னால் நின்றோம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். வெளியூர் போகிறவர்கள் பெரியவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். பெரியவர்கள் கண்ணை மூடிக் குலசாமி சாஸ்தாவை நினைத்துக்கொண்டு நிற்க வேண்டும். கால்மேல் விரல் பட்டதும் வாழ்த்த வேண்டும். பட்ட பிறகுதான் வாழ்த்து, அதற்கு முன்னால் இல்லை. தீபாவளிக்கு, பரீட்சைக்கு, முதல் நாள் டியூட்டிக்கு என்று எத்தனையோ தடவை செய்தது. அவள் விரல் எப்போதும் ஈரமாக இருக்கும். முகம் கழுவிவிட்டு துடைக்காமல் ஓடி வருவாள்.

இந்தத் தடவை கண்ணைத் திறந்தே வைத்துக்கொள்ள வேண்டும் என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தேன். தீக்குச்சியைக் கிழித்து, சூடத்தைப் பற்றவைத்து, குச்சியை உதறிக் கீழே போட்டேன். கையில் திருநீறு எடுத்தேன். பழக்கதோஷம், கண் தானாக மூடிக்கொண்டது.

பவி குனிவது தெரிந்தது. வளையல் சத்தம் என் காலுக்கு நேரே கேட்டது. சரி, தொட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

"மகராசியா இரு மக்கா. போன எடத்துல நல்லா இரு" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். பவி குந்தியபடி என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரலில் ஒரு கரிந்த தீக்குச்சி.

"நான் இன்னும் தொடவே இல்லம்மா" என்றாள். "இது உன் கால்மேல கெடந்து புகைஞ்சிட்டிருந்து. அத எடுத்தேன். உனக்குச் சுடலையா?"

சாமி படத்துக்கு முன்னால் நிற்பதால் செருப்பைக் கழற்றியிருந்தேன். விரலுக்கு மேலே பொட்டு மாதிரி சிவந்திருந்தது. "சுட்டுது" என்றேன். பிறகு, "லேசா" என்றேன்.

அவள் நர்ஸ். என் கையைப் பிடித்துக் கீழே உட்காரவைத்தாள். பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விமானத்துக்குப் போட்டிருந்த புதுச் சுடிதார்.

"கண்ணை மூடு. இங்க? இங்க? இப்போ?"

வாசலில் டாக்ஸி ஹார்ன் அடித்தது. எனக்குப் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிற்று.

"இல்ல" என்றேன். "இல்ல மக்கா. அங்கயும் இல்ல."

"எப்ப இருந்து?"

"செருப்பு தொலைஞ்சதுல்லா, அப்பவே தெரியும்."

"என்கிட்ட எந்தா சொல்லாத்தது?"

"சொன்னா நீ போவ மாட்ட."

அவள் அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், தலையைக் குனிந்துகொண்டு. கண்ணீர் என் பாதத்தில் விழுந்தது. விழுந்ததைப் பார்த்தேன். எனக்கு அது தெரியவில்லை. அவர் போனதிலிருந்து வராத அழுகை அப்போதும் வரவில்லை.

"நான் போகல" என்றாள் பவி. "டிக்கெட் கான்சல் பண்ணுதேன்." பண்ணுதேன் என்று தெளிவாகச் சொன்னாள், அவள் அப்பா சொல்வது மாதிரி.

"நீ போவலைன்னாதான் எனக்கு ஃபீல் ஆவும்" என்றேன்.

என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஆவுமா?" என்று கேட்டாள். "ஆவும்" என்றேன். அது பொய்யில்லை.

கொழுந்தன் மாடிப்படி ஏறி வந்து எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். பவி முகத்தைக் கழுவினாள். துடைக்காமல் வந்து குனிந்து, என் இரண்டு பாதத்தையும் தொட்டாள். நான் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் எழுந்திருந்த பிறகு திருநீறு பூசினேன். வாழ்த்து ஏற்கனவே சொல்லியாகிவிட்டது.

8

போகும்போது ஒரு கண்டிஷன் போட்டுவிட்டுத்தான் போனாள். தினமும் காலையில் கடைக்குப் புறப்படும் முன் வீடியோ கால். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எதிரே வத்தல் டின்னில் போனைச் சாத்தி வைத்து, காலை நீட்டி, பாதத்தைக் காட்ட வேண்டும்.

பெற்ற பிள்ளையாக இருந்தாலும் முகத்துக்கு நேரே காலை நீட்டலாமா? முதல் நாள் காலை மடக்கி மடக்கி வைத்துக்கொண்டேன். "அம்மா, நாணிக்காதே, நீட்டு" என்று அதட்டினாள். ஆஸ்பத்திரியில் அவள் எல்லாரையும் இப்படித்தான் அதட்டுவாள் போலிருக்கிறது. இப்போது பழகிவிட்டது. விரல் இடுக்கு, குதிகால், பழைய கொப்புளம் இருந்த இடம். இங்கே வெளிச்சம், அங்கே இன்னும் இருட்டு. பாதம் போனை மறைத்துவிடுவதால் அவள் முகம் எனக்குத் தெரியாது. குரல் மட்டும் வரும். கொஞ்சம் இடது பக்கம், கொஞ்சம் மேலே, மதி.

திதி அன்றைக்கும் கூப்பிட்டாள். ஐயர் போன பிறகு உட்கார்ந்து காலை நீட்டினேன். அவள் இடது, வலது என்று ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

"என்னட்டி, லைன் போயிட்டா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. பாத்துட்டிருக்கேன்" என்றாள்.

கால் மரத்துப்போயிருக்குமோ என்னவோ, எனக்குத் தெரியாது. நீட்டிய காலை நான் எடுக்கவில்லை.